ஒலிக்கூடம் கேள்வி–பதில்: அடித்த பிறகும் அடங்காத டிரம்ஸ்

சாம்பிள் டிரம்ஸில் (முன்பே பதிவு செய்த அடிகளைக் கணினியில் ஓட்டும் டிரம்ஸில்) வரும் வேண்டாத ரீங்காரம் பற்றி இந்த மாதம் பல கடிதங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பு உள்ளவை என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே என் பதில். முதல் கடிதம் இது:

வீட்டிலேயே கணினியில் பாட்டு அமைக்கிறேன். டிரம்ஸ் முழுக்க சாம்பிள்தான். ஸ்நேர் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ‘டொய்ங்’ என்று இழுக்கிறது. ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) ஒரு பேண்டை, அதாவது ஒரு அதிர்வெண் பகுதியை, ஏற்றி, அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்து, மோசமாகக் கேட்ட இடத்தையெல்லாம் வெட்டினேன். ஏழு இடத்தில் வெட்டியாயிற்று. இழுவை குறைந்தது, ஆனால் ஸ்நேர் இப்போது அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் அந்த ஏழு வெட்டுகளையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: அந்த ரீங்காரம் உங்களை உறுத்துவது அது இருக்கும் ஸ்வரத்தினாலா, அது நீளும் நேரத்தினாலா? நான் மிக்ஸ் செய்த பாட்டுகளில் பெரும்பாலும் நேரம்தான் காரணமாக இருந்திருக்கிறது. ஒரே ஸ்வரம்தான், அடி விழுந்த முதல் 50 மில்லிசெகண்டில் அது ஸ்நேருக்கு உடம்பு கொடுக்கிறது. 400 மில்லிசெகண்ட் கழித்து, மற்றதெல்லாம் அடங்கிய பிறகும் தனியாக நின்றால்தான் தொல்லை. அகலமான ஈக்யூ வெட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தொல்லையோடு சேர்த்து உடம்பையும் எடுத்துவிடும். உங்கள் ஸ்நேருக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று, பேண்டை ஏற்றித் தேடும் முறை. குறுகலான ஒரு பேண்டை 12 டெசிபல் ஏற்றினால் அந்த ஃபில்டரே ரீங்கரிக்கத் தொடங்கும். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கே ஒரு கெட்ட சத்தம் கேட்கும். ஏழு இடம் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னும் கொஞ்சம் தேடியிருந்தால் பதினான்கு கிடைத்திருக்கும். உண்மையான ரீங்காரம் அவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் ஒரே ஒரு விதமாக அதிர்வதில்லை. முழுத் தோலும் ஒன்றாக மேலும் கீழும் போவது முதல் அதிர்வு. ஒரு பாதி மேலே போக மறுபாதி கீழே போவது அடுத்தது. அதற்கு மேல் நான்கு பங்காக, ஆறு பங்காக என்று போய்க்கொண்டே இருக்கும். கணக்குப்படி வெறும் தோலுக்கு இவற்றின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். கம்பியில் வருவது போல 1, 2, 3 என்று ஒழுங்காக வராது. அதனால்தான் ஸ்நேரின் ரீங்காரம் பாட்டின் எந்த ஸ்வரத்தோடும் எளிதில் ஒட்டுவதில்லை. நிஜ ஸ்நேரில் இரண்டு தோல், நடுவே அடைபட்ட காற்று எல்லாம் இருப்பதால் எண்கள் நகரும். ஆனாலும் அடிப்படை அதிர்வு 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், இழுவையை 300 முதல் 700 ஹெர்ட்ஸ் வரை முதலில் தேடலாம் என்பதற்கு இந்த விகிதம் போதும்.

முழுத் தோலும் சேர்ந்து அசையும் முதல் அதிர்வு காற்றை நன்றாகத் தள்ளுகிறது. அதனாலேயே சக்தியைச் சீக்கிரம் இழந்து அடங்கிவிடுகிறது. பாதி மேலே, பாதி கீழே என்று போகும் அதிர்வுகளில் ஒரு பக்கம் தள்ளிய காற்றை மறுபக்கம் உறிஞ்சிக்கொள்கிறது. சக்தி மெதுவாகத்தான் வெளியேறும். ஆகவே அவை நெடுநேரம் நிற்கின்றன. தோலின் நடு மையம் இந்த அதிர்வுகளில் அசையாத இடம். குச்சி சரியாக நடுவில் விழுந்தால் இவை அதிகம் கிளம்பாது. ஓரமாக விழுந்தால் நன்றாகவே கிளம்பும். உங்கள் சாம்பிள் தொகுப்பில் நடு அடி, ஓர அடி, ரிம்ஷாட் (விளிம்பும் தோலும் சேர்ந்து விழும் அடி) என்று தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடு அடிக்கு மாற்றிக் கேளுங்கள். பல நேரம் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். இதைச் செய்யாமல் நேரே ஈக்யூவுக்குப் போவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

நடு அடியிலும் இழுவை இருக்கிறது என்றால், கண்டுபிடிப்பதற்கு என் வழி இது. ஒரே ஒரு அடியை ஆடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் 100 மில்லிசெகண்டை வெட்டி எறிந்துவிட்டு, மீதி வாலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். குச்சிச் சத்தம் போய்விட்டதால் ரீங்காரம் தனியாக நிற்கும். வாயால் பாடிக்கூடப் பார்க்கலாம். ஸ்பெக்ட்ரோகிராம் (நேரத்தோடு அதிர்வெண்களைக் காட்டும் படம்) இருந்தால் அதில் கிடைக்கோடாக நீண்டு தெரியும். அனலைசரில் எஃப்எஃப்டி அளவை (ஒரு தடவைக்கு எத்தனை புள்ளிகளை அலசுவது என்ற எண்ணை) 8192-க்குக் குறையாமல் வையுங்கள். 44,100 சாம்பிள் விகிதத்தில் அப்போதுதான் ஏறக்குறைய 5 ஹெர்ட்ஸ் நுணுக்கம் வரும்.

இந்த நுணுக்கம் ஏன் என்றால், ரீங்காரம் மிகமிக மெல்லியது. 600 ஹெர்ட்ஸில் அரை விநாடியில் 60 டெசிபல் இறங்கி அடங்கும் ஒரு இழுவையின் அகலம் 5 ஹெர்ட்ஸ்கூட இருக்காது. அதை எடுக்க க்யூ (வெட்டு எவ்வளவு குறுகல் என்ற எண்) 4 வைத்து வெட்டினால் 150 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு எல்லாவற்றையும் அள்ளிவிடுகிறீர்கள். க்யூ 20 வைத்தால் 30 ஹெர்ட்ஸ்தான். அதிலும் ஒரு நல்ல விஷயம், குறுகலான ஃபில்டருக்கு வேலை செய்யச் சில மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் குச்சியின் அடி தப்பித்துப் போய்விடும். வால் மட்டும் மாட்டும். 6 முதல் 10 டெசிபல் வெட்டு போதும். இடம் மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். சரியான இடத்தில் விழுந்த வெட்டு ரீங்காரத்தின் அளவை மட்டுமல்ல, அது நிற்கும் நேரத்தையும் குறைக்கும். பத்து, பதினைந்து ஹெர்ட்ஸ் தள்ளி விழுந்தால் வெட்டின் பலன் நன்றாகவே குறைந்துவிடும்.

இந்த வேலைக்கு லீனியர் ஃபேஸ் ஈக்யூ வேண்டாம். அது அடிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய நிழல் ஒலியைக் கொண்டுவந்து குச்சியின் கூர்மையை மழுக்கிவிடும். சாதாரண ஈக்யூவே சரி.

ஆனால் வெட்டுவதற்கும் முன்னால் நான் போவது சாம்ப்ளரின் (சாம்பிளை ஓட்டும் மென்பொருளின்) என்வலப்புக்கு, அதாவது ஒலி நேரத்தோடு ஏறி இறங்கும் அமைப்புக்கு. பல டிரம் சாம்பிள்கள் முழு நீளத்துக்கும் ஓடும்படிதான் வரும். அந்த நீளம் உங்கள் பாட்டுக்குத் தேவையா? 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். டெம்போ 120 என்றால் 500. அதில் பாதி 250. அரை பீட் கழித்து அடுத்த ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு) விழுவதற்குள் இழுவை மறைந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டு (அளவு குறையாமல் நிற்கும் நேரம்) 70 மில்லிசெகண்ட், அப்புறம் 180 மில்லிசெகண்டில் இறங்கும் டிகே, வளைவான இறக்கம். நேர்கோட்டில் இறக்கினால் வெட்டிய இடம் காதுக்குத் தெரியும். டெம்போ 80 ஆக இருக்கும் மெதுவான பாட்டுக்கு இதையே இன்னும் தாராளமாக விடலாம்.

ஒரு சிக்கல் வரும். வாலைக் குறைக்கும்போது ஸ்நேரின் அடியில் இருக்கும் கம்பிகளின் ‘ஸ்ஸ்’ சத்தமும் சேர்ந்து போய்விடும்; ஸ்நேர் வறண்டுவிடும். மைக்குகள் தனித்தனியாக வரும் தொகுப்பாக இருந்தால் மேல் மைக்கை மட்டும் குறுக்குங்கள். கீழ் மைக்கை முழு நீளத்துக்கு விட்டு 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். கம்பிச் சத்தத்தில் குறிப்பிட்ட ஸ்வரம் எதுவும் இல்லாததால் மிச்சமிருக்கும் ரீங்காரத்தை அது அழகாக மூடிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. கேட்பவருக்கு எதையும் எடுத்த மாதிரியே தெரியாது.

கடைசியாக, சாம்பிளின் சுருதி. ஒரு அரை ஸ்வரம் நகர்த்தினால் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் நகரும். 620 ஹெர்ட்ஸில் இழுக்கும் ஸ்நேரை இரண்டு அரை ஸ்வரம் இறக்கினால் ரீங்காரம் 552-க்கு வந்துவிடும். பாட்டின் சுருதிக்குள் அது விழுந்துவிட்டால், வெட்டவே தோன்றாமலும் போகலாம். சுருதியை மாற்றினால் ஏற்கெனவே வைத்திருந்த ஈக்யூ வெட்டையும் அதே அளவு நகர்த்த மறக்காதீர்கள்.

இவ்வளவையும் தனி ஸ்நேரில் செய்தாலும், முடிவை எல்லா வாத்தியமும் ஓடும்போது எடுங்கள். தனியாகக் கேட்கும்போது பயங்கரமாக இருக்கும் இழுவையில் பாதியை கிடாரும் கீபோர்டும் மூடிவிடும். அந்த மிச்சம்தான் ஸ்நேருக்கு உயிர்.

தானாகவே ரீங்காரத்தைத் தேடிப்பிடித்து அடக்கும் ப்ளக்-இன் வாங்கியிருக்கிறேன். டிரம்ஸ் முழுவதற்கும் அதைப் போட்டுவிட்டால் போதாதா?

போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வகை ப்ளக்-இன்கள் குரலுக்கும் கிடாருக்கும் நன்றாகவே உதவுகின்றன. டிரம்ஸ் பஸ் (எல்லா டிரம்ஸும் ஒன்றாகச் சேரும் தடம்) முழுவதிலும் போட்டால் அவை முதலில் பிடிப்பது பெரும்பாலும் அடியைத்தான். சத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதானே. நமக்கோ பிரச்சினை அடிக்குப் பிறகு. சாம்பிள் டிரம்ஸில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நிஜ டிரம்ஸில் வாசிக்க வாசிக்கத் தோல் தளர்ந்து ரீங்காரம் மெல்ல நகரும். அதைத் துரத்த தானியங்கிக் கருவி தேவைப்படலாம். சாம்பிளில் பாட்டு முடியும்வரை அது ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். நிற்கும் ஒன்றைப் பிடிக்கத் துரத்தும் கருவி எதற்கு?

ஆனால் டைனமிக் ஈக்யூ வேறு. ஒலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது மட்டும் அது வெட்டும். மெதுவாக அடித்த அடிகளில் இழுவை இல்லை, ஓங்கி அடித்ததில் மட்டும் இருக்கிறது என்றால் அதுவே சரியான கருவி. கண்டுபிடித்த அதிர்வெண்ணில் ஒரே ஒரு பேண்ட். அட்டாக் (வேலை தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிசெகண்ட் வையுங்கள். குச்சியின் அடி போன பிறகு அது விழித்துக்கொள்ளட்டும். த்ரெஷோல்டை (அந்த எல்லை அளவை) ஓங்கி அடித்த அடியின் வாலுக்குப் பொருத்துங்கள், உச்சத்துக்கு அல்ல.

தனி அடிகளில் பிரச்சினை இல்லை. ஸ்நேர் ரோல் (வேகமான தொடர் அடி), கோஸ்ட் நோட் (மிக மெல்லிய அடி) வரும்போது மட்டும் ரீங்காரம் குவிந்துகொண்டே போகிறது. ஏன்?

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். இது சாம்ப்ளருக்கே உரிய கோளாறு. நிஜ ஸ்நேரில் ஒரே தோல்தான். இரண்டாவது அடி விழும்போது குச்சி தோலைத் தொட்டு, பழைய அதிர்வைக் குலைத்துவிடுகிறது. சாம்ப்ளரில் அப்படி இல்லை. முதல் அடியின் வால் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சாம்பிள் தொடங்குகிறது, அப்புறம் மூன்றாவது, நான்காவது. ஐந்தாறு ஸ்நேர்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதாகத்தான் பொருள். அத்தனைக்கும் ரீங்காரம் ஒரே அதிர்வெண்ணில். சில அடிகளில் அவை ஒன்றோடொன்று கூடும், சிலவற்றில் ஒன்றை ஒன்று கழிக்கும். ரோலின் நடுவே சில அடிகள் மட்டும் காரணமில்லாமல் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான். ஈக்யூவாலோ கம்ப்ரெஸராலோ இதைச் சரிசெய்ய முடியாது.

சாம்ப்ளரில் அந்த ஸ்நேருக்கு மட்டும் வாய்ஸ் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கையை) ஒன்று அல்லது இரண்டாகக் கட்டுப்படுத்துங்கள். புதிய அடி வரும்போது பழையது 10 முதல் 20 மில்லிசெகண்டில் மங்கி மறையட்டும்; சட்டென்று அறுத்தால் ‘டிக்’ என்று கேட்கும். ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே வைக்கும்), ரூம் மைக்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம், அல்லது மிகத் தளர்வாக இருக்கட்டும். அறையின் ஒலி நிஜத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் சேரும். அதையும் அறுத்தால் ரோல் மூச்சு விடாது.

கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு டாம் (கம்பி இல்லாத டிரம்) முனகுகிறது. டாம் வாசிக்கவே இல்லை!

டாம் மைக்கில் பதிவான கசிவு அது. கிக் அதிரும்போது பக்கத்திலுள்ள டாமின் தோலும் சேர்ந்து அதிர்கிறது. பெரிய தொகுப்புகள் இதையும் சேர்த்தே பதிவு செய்து தருகின்றன, நிஜமாக ஒலிக்க வேண்டும் என்று. தொகுப்பின் மிக்ஸரில் கசிவுக்கான அளவை டாம் மைக்குகளில் மட்டும் இறக்குங்கள், அல்லது முழுதாக அணையுங்கள். ஸ்நேருக்கு டாம் மைக்கில் உள்ள கசிவைக் கொஞ்சம் விட்டுவைப்பது என் வழக்கம். டிரம்ஸ் ஒரே அறையில் இருப்பதாகத் தோன்ற அது உதவும். டாமையே குறைக்க வேண்டுமென்றால் கேட் (மெல்லிய ஒலியை அடக்கும் கருவி) போடலாம், ஆனால் முழுவதும் மூடாதீர்கள். 10 முதல் 15 டெசிபல் இறக்கினால் போதும்.

மிக்ஸ் முடியும்வரை டிரம்ஸ் நன்றாகவே இருந்தது. கம்ப்ரெஸர், லிமிட்டர் எல்லாம் போட்ட பிறகு ஸ்நேர் கத்துகிறது. திரும்ப ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டுமா?

வேண்டாம். கம்ப்ரெஸர் உச்சத்தைத் தட்டி, மொத்த அளவை ஏற்றுகிறது. அடிக்கும் வாலுக்கும் இடையே இருந்த 20 டெசிபல் இடைவெளி 12 ஆகிவிட்டால், நேற்றுவரை காதில் விழாத இழுவை இன்று முன்னால் வந்து நிற்கும். புதிதாக எதுவும் முளைக்கவில்லை. அதனால் ரீங்காரத்தை அடக்கும் வேலை கம்ப்ரெஸருக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் கம்ப்ரெஸர் அந்த இழுவைக்கும் சேர்த்து வேலை செய்து முடித்துவிட்டிருக்கும்.

சங்கிலியில் கம்ப்ரெஸருக்கு முன் ஒரு ட்ரான்சியன்ட் ஷேப்பரைப் போட்டு, சஸ்டெயின் குமிழைக் கொஞ்சம் கீழே திருப்பிக் கேளுங்கள். அது அளவைப் பார்த்து வேலை செய்வதில்லை, ஒலி ஏறி இறங்கும் வடிவத்தைப் பார்க்கிறது; மெதுவான அடி, ஓங்கிய அடி இரண்டையும் ஒரே மாதிரி குறுக்கும். கம்ப்ரெஸரின் ரிலீஸையும் (அது அழுத்துவதை விடும் வேகத்தையும்) பாருங்கள். மிக வேகமாக இருந்தால் அடி முடிந்த மறுகணமே அது கையை எடுத்துவிட்டு வாலைத் தூக்கிக் காட்டும். ரிவெர்ப் சென்ட்டையும் (எதிரொலிக் கருவிக்கு ஒலியை அனுப்பும் வழியையும்) ஒருமுறை அணைத்துக் கேளுங்கள். கத்துவது ஸ்நேராக இல்லாமல் ரிவெர்ப்பாகக்கூட இருக்கலாம். குறுகிய நீளமுள்ள மலிவான ரிவெர்ப் அல்காரிதங்களுக்கு உலோகத்தனமான ரீங்காரம் தானாகவே உண்டு.

மிருதங்க சாம்பிளிலும் இதே முறையில் ரீங்காரத்தைக் குறைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கும் கரணை என்ற கறுப்புப் பூச்சு, தோலின் எடையை மாற்றி, ஒழுங்கில்லாத அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சர் சி. வி. ராமன் இதை ஆராய்ந்து 1934-இல் விரிவாக எழுதினார். அங்கே கேட்கும் நீண்ட நாதம் தொல்லை அல்ல, வாத்தியமே அதுதான். அது உறுத்தினால் காரணம் சாம்பிளின் சுருதி பாட்டின் சுருதியோடு சேராததாகத்தான் இருக்கும். ஈக்யூவை விட்டுவிட்டு சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் சுருதியைச் சேருங்கள். ஒன்றிரண்டு அரை ஸ்வரத்துக்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால் வேறு சாம்பிளைத் தேடுவது நல்லது.

கிக்கில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு இழுவை. எவ்வளவு வெட்டினாலும் போகவில்லை. வேறு இடத்தில் கேட்டால் கிக்கே காணோம்!

அப்படியானால் அந்த இழுவை சாம்பிளில் இல்லை, நீங்கள் கேட்கும் அறையில் இருக்கிறது. இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருந்தால் அந்த அறை 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிக் முடிந்த பிறகும் அறை முடியாது. அந்த வெட்டை எடுத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கிக்கின் வாலை மட்டும் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் ஈக்யூவை மூடிவிட்டு, நாற்காலியைச் சுவர்களுக்கு நடுவிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் விலக்கிப் போட்டு, வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் எந்த இடத்தில் மற்ற சத்தங்களோடு சமமாகக் கேட்கிறதோ அந்த இடத்திலிருந்து கிக்கைத் திரும்ப மிக்ஸ் செய்யுங்கள்.